ஒரு தோட்டம், ஒரு கேள்வி: ஆய்வுத் தலைப்பின் எல்லை பற்றி

(சிரம்பானில் பல்கலைக்கழக மாணவர்களிடம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வாசிப்பதற்கு ஏற்றவாறு சிறிது திருத்தப்பட்டுள்ளது.)



இதை வாசிக்கின்ற நீங்கள் நெகிரி செம்பிலானில் ஏதோ ஒரு தோட்டத்தில் பிறந்தவராக இருக்கலாம். அல்லது உங்கள் தாத்தாவும் பாட்டியும் அங்கே பால் வெட்டியவர்களாக இருக்கலாம். இறுதியாண்டு ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்தால் இந்தப் பேச்சு உங்களுக்காகத்தான். மாணவராக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. தோட்டத்தைப் பற்றி ஏதாவது எழுதி வைக்க வேண்டும் என்ற எண்ணம் உங்களுக்கு இருந்தால் போதும்.

ஒவ்வோர் ஆண்டும் சில மாணவர்கள் தங்கள் தலைப்புகளை எனக்கு அனுப்பிக் கருத்து கேட்பார்கள். 'மலேசிய இந்தியர்களின் சமூகப் பொருளாதாரப் பிரச்சினைகள்', 'தோட்டத் தொழிலாளர்கள்: அன்றும் இன்றும்', 'நெகிரி செம்பிலான் இந்தியர்களின் வாழ்க்கை நிலை'. பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். எழுதுகிறவர்களின் உணர்வு உண்மையானது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் இந்தத் தலைப்புகளில் எழுதப்படும் கட்டுரை எப்படி முடியும் என்பதும் எனக்குத் தெரியும். முதல் அத்தியாயத்தில் கங்காணி வருவார். இரண்டாவதில் சயாம் மரண இரயில் வரும். மூன்றாவதில் தோட்டத் துண்டாடல், நான்காவதில் குடிப்பழக்கமும் குண்டர் கும்பலும். கடைசியில் 'அரசாங்கம் ஆவன செய்ய வேண்டும்' என்று ஒரு வரி. புள்ளிகள் கிடைக்கும், பட்டமும் கிடைக்கும். அந்தக் கட்டுரையை அதன்பிறகு யாரும் திறக்க மாட்டார்கள்.

இதில் ஒரு வழக்கறிஞருக்கு என்ன அக்கறை என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறேன்.

நானும் அப்படித்தான் எழுதினேன்

2000-களின் தொடக்கத்தில் நான் சட்டம் படித்தபோது எழுதிய கட்டுரையின் தலைப்பு 'மலேசியாவில் தோட்டத் தொழிலாளர்களின் உரிமைகள்'. தொண்ணூறு பக்கம். வேலை, சம்பளம், வீடு, பள்ளி, கோயில், குடியுரிமை எல்லாம் அதில் இருந்தன. விரிவுரையாளர் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: 'இதில் எதிர்வாதி யார்?'

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு எழுதியிருக்கிறோம், இவர் ஒரு வரியில் முடித்துவிட்டாரே என்று. அந்தக் கேள்வியின் பொருள் புரிய எனக்குச் சில ஆண்டுகள் ஆயின.

நான் வழக்கறிஞரான பின் ஒரு தோட்டத்திலிருந்து சில குடும்பங்கள் வந்தன. தோட்டத்தின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் இங்கே வேண்டாம். நிலம் வீடமைப்புக்குப் போய்விட்டது, வேலை முடிந்துவிட்டது, லயத்தைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. நான் என் பழைய கட்டுரையை எடுத்துப் பார்த்தேன். தொண்ணூறு பக்கத்தில் அந்தக் குடும்பங்களுக்கு உதவ ஒரு பத்திகூட இல்லை.

நீதிமன்றம் கேட்கும் கேள்விகள் வேறு. இந்தக் குடும்பம் எந்த ஆண்டிலிருந்து இந்த வீட்டில் இருக்கிறது? யார் குடியமர்த்தியது? வாடகை உண்டா? வீடு தருவதாக யாராவது வாக்குக் கொடுத்தார்களா? எப்போது, எந்தக் கூட்டத்தில், யார் முன்னிலையில்?

இந்தக் கேள்விகளுக்கு ஏன் இவ்வளவு எடை? நமது கூட்டரசு நீதிமன்றம் 1982-இல் சீடேக் ஹாஜி முகமட் வழக்கில் ஒரு தீர்ப்பு வழங்கியது. அனுமதி இல்லாமல் நிலத்தில் குடியேறியவர்களுக்குச் சட்டத்திலும் சரி, நியாய நெறியிலும் சரி, அந்த நிலத்தில் உரிமை கிடையாது என்பது அதன் சாரம். அதன்பின் நிலத்திலிருந்து ஆட்களை வெளியேற்றும் வழக்குகளில் இந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டப்படுவது வழக்கமாகிவிட்டது. தோட்டத்து மக்கள் அனுமதி இல்லாமல் குடியேறியவர்களா? கிடையாது. முதலாளிதான் கொண்டுவந்து லயத்தில் வைத்தார். ஆனால் நீதிமன்றத்தில் அதை ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாக நிரூபிக்க வேண்டும். 'இந்தியர்கள் இந்த நாட்டுக்காக உழைத்தார்கள்' என்று சொன்னால் நீதிபதி தலையை ஆட்டுவார், அடுத்த சாட்சி யார் என்று கேட்பார்.

எங்களுக்கு அப்போது கைகொடுத்தது ஒரு வரி நோட்டு. தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வரி வாங்குவார்கள் அல்லவா, அந்தக் கணக்கு. தண்டலாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் அதைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். ஆண்டு, லயம், வீட்டு எண், குடும்பத் தலைவர் பெயர், தொகை. அவ்வளவுதான். வரியைச் சம்பளத்தில் பிடித்துத் தோட்ட ஆபீசே கோயிலுக்குக் கொடுத்த ஆண்டுகளும் அதில் குறித்திருந்தன. இன்னார் இன்ன வீட்டில் இத்தனை ஆண்டு இருந்தார், நிர்வாகத்திற்கும் அது தெரியும் என்று காட்ட அது போதுமானதாக இருந்தது. வழக்கு வெளியே பேசி முடிக்கப்பட்டது. முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் குடும்பங்கள் வெறுங்கையோடு வெளியேறவில்லை.

அந்தப் பெரியவர் ஆய்வாளர் இல்லை. ஆனால் அவருடைய நோட்டுக்கு எல்லை இருந்தது. ஒரே தோட்டம், ஒரே கேள்வி, ஆண்டு தவறாத பதிவு. என்னுடைய தொண்ணூறு பக்கத்திற்கு அந்த எல்லை இல்லை.

பெரிய ஆய்வாளர்களும் வேலி போட்டுத்தான் எழுதினார்கள்

தலைப்பைச் சுருக்கச் சொன்னால் சில மாணவர்கள் வருத்தப்படுகிறார்கள். 'சமுதாயத்தின் முழுக் கதையையும் சொல்ல வேண்டாமா, ஐயா?' என்று கேட்கிறார்கள். முழுக் கதையைச் சொன்னதாக நாம் நினைக்கும் நூல்களின் தலைப்புகளையே பாருங்கள்.

கெர்னியல் சிங் சந்து எழுதி 1969-இல் வெளிவந்த 'மலாயாவில் இந்தியர்கள்' என்ற நூலை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறோம். அதன் துணைத் தலைப்பை யாரும் படிப்பதில்லை. குடியேற்றத்திலும் குடியமர்விலும் 'சில கூறுகள்', 1786 முதல் 1957 வரை என்று அதில் இருக்கிறது. பினாங்கில் பிரிட்டிஷார் கால் வைத்த ஆண்டில் தொடங்கி, சுதந்திரம் பெற்ற ஆண்டில் நிறுத்திக்கொண்டார். அவ்வளவு பெரிய நூலை எழுதியவரே 'சில கூறுகள்' என்றுதான் சொல்லிக்கொண்டார்!

பேராசிரியர் உங்கு அசிஸ் தலைமையில் மலாயாப் பல்கலைக்கழகப் பொருளாதாரத் துறை 1960-களின் தொடக்கத்தில் தோட்டத் துண்டாடலை ஆராய்ந்தது. பெரிய தோட்டங்களை வாங்கித் துண்டு போட்டு விற்று, ஆயிரக்கணக்கான நம்மவர்கள் வேலையும் வீடும் இழந்து நின்ற காலம் அது. அந்த அறிக்கையின் தலைப்பு 'மலாயாவில் தோட்டத் துண்டாடல், 1951–1960'. என்ன நடந்தது, எங்கே நடந்தது, எந்தப் பத்தாண்டில் நடந்தது, மூன்றும் தலைப்பிலேயே இருக்கின்றன. அதே பிரச்சினைக்குப் பதிலாகத்தான் துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பின்னர் 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தில் 214ஏ பிரிவு வந்தது. 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தை விற்கத் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்பது அந்தப் பிரிவு. கேள்வி தெளிவாக இருந்தால் பதிலும் ஒரு சட்டப் பிரிவாக, ஒரு சங்கமாக உருவெடுக்க முடியும் என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

இன்னும் சிறிய எல்லை வேண்டுமா? ரவீந்திர கே. ஜெயின் 1970-இல் வெளியிட்ட நூல், ஒரே ஒரு ரப்பர் தோட்டத்தில் தங்கி எழுதியது. அந்தத் தோட்டத்திற்கு அவர் 'பால் மெலாயு' என்று புனைபெயர் வைத்தார். ஒரு தோட்டத்துப் பிரட்டும் லயமும் கோயிலும் சங்கமும் ஒரு முழு நூலுக்குப் போதுமாக இருந்தன. இன்றுவரை தோட்டச் சமூகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்த நூலைத் தாண்டிப் போக முடியவில்லை.

ஒரு தோட்டம் மூடப்பட்டால் எத்தனை ஆய்வுகள்?

இப்போது நாம் சேர்ந்து ஒரு தலைப்பைச் சரி செய்வோம். 'நெகிரி செம்பிலான் தோட்டத் தொழிலாளர்களின் பிரச்சினைகள்' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இடம். இந்த மாநிலத்தில் சிரம்பான், போர்ட்டிக்சன், ரெம்பாவ், தம்பின், கோலப்பிலா, ஜெம்போல், ஜெலுபு என்று ஏழு மாவட்டங்கள். எல்லாம் ஒன்று போல இல்லை. ஜெம்போலில் பகாவ் பக்கம் கெடிஸ், ஜெராம் பாடாங் போன்ற தோட்டங்களின் கதை ஒரு மாதிரி. சிரம்பான், போர்ட்டிக்சன் பக்கம் வேறு மாதிரி. அங்கே 1998-இல் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் சிப்பாங்கில் திறக்கப்பட்டதிலிருந்து நிலத்துக்கு மவுசு ஏறியது. நீலாய், செண்டாயான் எல்லாம் நம் கண் முன்னே நகரமாயின. பிறகு மலேசியா விஷன் வேலி என்ற பெருந்திட்டமும் அந்த இரண்டு மாவட்டங்களின் தோட்ட நிலத்தை மையமாக வைத்தே வந்தது. ஆகவே ஒரு மாவட்டத்தை எடுங்கள். அதில் ஒரு தோட்டத்தை எடுங்கள்.

அடுத்து கேள்வி. ஒரு தோட்டம் மூடப்படும்போது நம் மக்கள் நான்கு விஷயங்களை ஒரே நாளில் இழக்கிறார்கள்: வேலை, வீடு, பள்ளி, கோயில். வாழ்க்கையில் அது ஒரே இழப்பு. சட்டத்தில் அது நான்கு தனி விவகாரங்கள்.

வேலைக்கு 1980-ஆம் ஆண்டின் பணி நிறுத்த இழப்பீட்டு விதிமுறைகள் இருக்கின்றன. இரண்டு ஆண்டுக்குக் குறைவான சேவைக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் 15 நாள், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் 20 நாள். வீட்டுக்கு 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம், அதாவது தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் குறைந்தபட்சத் தரச் சட்டம். 2019-இல் அது திருத்தப்பட்டு மற்றத் தொழில்துறைகளுக்கும் விரிந்தது. ஆனால் அந்தச் சட்டம் பேசுவது வேலை இருக்கும் காலத்து வீட்டின் தரத்தைப் பற்றி. வேலை போன பிறகு வீடு யாருடையது என்று அது சொல்லாது. பள்ளிக்குக் கல்விச் சட்டமும் நிலப் பிரச்சினையும். கோயிலுக்கு நிலப்பட்டா யார் பெயரில் என்ற கேள்வி. இப்படி நான்கு விவகாரம், நான்கு சட்டம், நான்கு கட்டுரை. நீங்கள் ஒன்றை எடுங்கள். மற்ற மூன்றை உங்கள் நண்பர்கள் எடுக்கட்டும்.

வேலையை எடுத்தீர்கள் என்று வைப்போம். இப்போது ஒரு சின்னக் கணக்கு, உதாரணத்துக்குத்தான். முப்பது ஆண்டு பால் வெட்டிய ஒருவருக்குச் சராசரி நாள் சம்பளம் 28 ரிங்கிட் என்று கொள்ளுங்கள். ஆண்டுக்கு 20 நாள் என்றால் 600 நாள் சம்பளம். 16,800 ரிங்கிட். மலிவு விலை வீட்டின் உச்ச விலை 1998 வரை 25,000 ரிங்கிட்டாக இருந்தது. அதன்பின் இடத்தைப் பொறுத்து 42,000 வரை போனது. முப்பது ஆண்டு உழைப்புக்குக் கிடைத்த மொத்தப் பணத்தில் நாட்டிலேயே மலிவான வீட்டை வாங்க முடியவில்லை. ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்?

இதுதான் ஆய்வுக் கேள்வி: 'இன்ன தோட்டம் மூடப்பட்டபோது தொழிலாளர்களுக்குக் கிடைத்த இழப்பீட்டில் அவர்களால் அந்த வட்டாரத்தில் வீடு வாங்க முடிந்ததா?' கூட்டு ஒப்பந்தத்தில் வேறு விதிமுறை இருந்ததா என்று பாருங்கள். தோட்டம் கைமாறியபோது புதிய முதலாளி பழைய நிபந்தனையிலேயே வேலை கொடுக்க முன்வந்தாரா என்று பாருங்கள், அப்போது இழப்பீட்டுக் கணக்கே மாறிவிடும். இருபது குடும்பங்களின் கடிதங்களைப் பார்த்தால் உங்களுக்கு விடை தெரிந்துவிடும். 'சமூகப் பொருளாதாரப் பின்னடைவு' என்று பக்கம் பக்கமாக எழுதியும் சொல்ல முடியாததை இந்த ஒரு கணக்கு சொல்லிவிடும்.

எந்த ஆண்டில் தொடங்குவது?

கால எல்லையைக் கேள்விதான் முடிவு செய்ய வேண்டும். வழக்கமாக எல்லாரும் கங்காணி காலத்திலிருந்து தொடங்குகிறோம். பழக்கதோஷம்! இழப்பீட்டைப் பற்றி எழுதுகிறவர் 1980-இல் தொடங்கலாம். ஆனால் சிவப்பு அடையாள அட்டையைப் பற்றி, குடியுரிமை இல்லாத பாட்டிகளைப் பற்றி எழுதுகிறவர் அப்படித் தொடங்கினால் ஏமாந்துபோவார். 1957-இல் குடியுரிமை எப்படி வழங்கப்பட்டது, தோட்டத்தில் யார் விண்ணப்பித்தார்கள், யாருக்குத் தகவலே போகவில்லை என்று பார்க்க வேண்டும். 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதியைக் கட்டாயமாக்கியது. அதன் விளைவாகப் பல்லாயிரம் பேர் கப்பல் ஏறினார்கள். அந்த ஆண்டுகளை வெளியே விட்டுவிட்டால் 'படிப்பறிவில்லாததால் பதிந்துகொள்ளவில்லை' என்ற முடிவுதான் கிடைக்கும்.

இலங்கை மலையகத்தோடு ஒப்பிட விரும்புகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். இரண்டு நாட்டுத் தோட்டங்களையும் முழுதாக ஒப்பிடாதீர்கள், மூச்சு முட்டிவிடும். 1948-ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இங்கே 1957-உம் 1968-உம். குடியுரிமை என்ற ஒரே நூலைப் பிடித்துக்கொண்டு ஒப்பிடுங்கள்.

வேலிக்கு வெளியே யாரை விடுகிறீர்கள்?

இனி நான் சொல்லப் போவதுதான் மிக முக்கியம். இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

தலைப்பைச் சுருக்கும்போது எதையாவது வெளியே விட்டுத்தான் ஆக வேண்டும். எதை விடுகிறீர்கள் என்பதை வைத்துத்தான் குற்றவாளிக் கூண்டில் யார் நிற்கிறார் என்பது முடிவாகிறது.

'தோட்டத் தொழிலாளர்களிடையே குடிப்பழக்கம்' என்று ஒரு தலைப்பு. சிறியதுதான், தெளிவானதுதான், கேள்வித்தாள் கொடுத்து ஒரு மாதத்தில் முடித்துவிடலாம். ஆனால் அந்த வேலிக்குள் தொழிலாளி மட்டும்தான் இருக்கிறார். தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடையை யார் அனுமதித்தார், சம்பளம் எவ்வளவு, வேறு என்ன பொழுதுபோக்கு இருந்தது எல்லாம் வேலிக்கு வெளியே. 'புறம்போக்குக் குடியிருப்பு இளைஞர்களும் குண்டர் கும்பலும்' என்பதும் அப்படித்தான். அந்த இளைஞனின் தகப்பனாருக்குத் தோட்டத்தில் வீடு இருந்ததும், அது எந்த ஆண்டில், எப்படிப் போனது என்பதும் அந்தக் கட்டுரைக்குத் தேவைப்படாது. நம் பிள்ளைகளே நம்மவர்களைக் குற்றவாளிகளாக்கி எழுதிய கட்டுரைகள் இருக்கின்றன. அவர்கள் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. தலைப்பின் வேலியை எங்கே போடுகிறோம் என்று யோசிக்காமல் எழுதினார்கள்.

ஆகவே இடத்தைச் சுருக்குங்கள், காலத்தைச் சுருக்குங்கள், ஆட்களின் எண்ணிக்கையைச் சுருக்குங்கள். ஆனால் முதலாளியையும் சட்டத்தையும் நில அலுவலகத்தையும் வேலிக்கு வெளியே தள்ளிவிடாதீர்கள். என் விரிவுரையாளர் கேட்டாரே, 'எதிர்வாதி யார்?' என்று. அவர் சிறிய கட்டுரையிலும் உள்ளே இருக்க வேண்டும்.

அதே நேர்மை நமக்கும் வேண்டும். இன்றைக்கு வெளிக்காட்டில் செம்பனைக் குலை வெட்டுகிறவர்களில் இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும் இருக்கிறார்கள். நீங்கள் தமிழர்களை மட்டும் பார்த்துவிட்டு 'தோட்டத் தொழிலாளர்கள்' என்று தலைப்பு வைக்காதீர்கள். 'தமிழ்த் தொழிலாளர்கள்' என்றே வையுங்கள். அவர்களும் நம் தாத்தாக்கள் இருந்த அதே லயத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களை மறைத்து எழுதினால், நம்மை மறைத்து எழுதியவர்களைக் குறை சொல்ல நமக்கு என்ன தகுதி?

எப்போது எல்லையை விரிப்பது?

சுருக்குவதைப் பற்றியே பேசிவிட்டேன். சில நேரம் விரிக்கவும் வேண்டியிருக்கும்.

நீங்கள் தோட்டத்துக்குப் போகிறீர்கள். லயத்தில் ஐந்து குடும்பம்தான் இருக்கிறது. மற்றவர்கள் எங்கே? தாமானில், மலிவு விலை அடுக்குமாடியில், சிலர் கிள்ளானில், சிலர் ஜொகூரில். அப்போது இடம் என்ற வேலி ஆட்களின் பின்னால் நகர வேண்டும். 'தோட்டத்தில் வாழ்கிறவர்கள்' என்பதை 'தோட்டத்தில் வாழ்ந்தவர்கள்' என்று மாற்றுங்கள். ஒரே ஒரு சொல்லைத்தான் மாற்றினீர்கள், ஆய்வு முழுதும் மாறிவிட்டது!

இன்னொன்று. ஒரு தோட்டத்தின் செக்ரோல் அழிந்துபோயிருந்தால் உடனே 'நெகிரி செம்பிலான் முழுவதும்' என்று விரித்துவிடாதீர்கள். ஒரே நிறுவனத்தின் பக்கத்துப் பிரிவுக்குப் போங்கள். லாபு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளின் பெயரில் 'பிரிவு 1', 'பிரிவு 4' என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு தோட்டம் என்று நாம் சொல்வது பல பிரிவுகளாக இருந்திருக்கிறது. ஒரே நிர்வாகம், ஒரே மாதிரிப் பதிவு. வரைபடத்தைப் பார்த்து விரிக்க வேண்டாம், சான்று போகும் வழியில் விரியுங்கள்.

பாதி வழியில் எல்லையை மாற்றினால் அதை மறைக்க வேண்டாம். 'இப்படித் தொடங்கினேன், இந்தக் காரணத்தால் இப்படி மாற்றினேன்' என்று முன்னுரையில் எழுதுங்கள். நீதிமன்றத்தில் சாட்சி சொல்கிறவருக்கும் இதே விதிதான். தானே சொன்ன மாற்றம் சாட்சியத்தைக் கெடுக்காது, குறுக்கு விசாரணையில் வெளிவந்த மாற்றம் கெடுத்துவிடும்.

சான்று எங்கே இருக்கிறது?

எல்லையைப் போடுவதற்கு முன் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் காலனித்துவக் கால நெகிரி செம்பிலான் செயலகக் கோப்புகள் இருக்கின்றன. நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி எந்த நிலப்பட்டாவையும் தேடிப் பார்க்கலாம், அது இரகசியம் இல்லை. 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோன தமிழ் நேசனின் பழைய இதழ்களைத் தேடுங்கள். சிங்கப்பூர் தேசிய நூலகம் தமிழ் முரசின் பழைய இதழ்களை இணையத்தில் வைத்திருக்கிறது. ஒரு எச்சரிக்கை: ஒவ்வொரு தோட்டத்துக்கும் பட்டாவில் ஒரு பெயர், நம்மவர் வாயில் ஒரு பெயர். இரண்டையும் முதல் நாளே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு வீடுகளில் இருப்பவை: ஊழியர் சேமநிதி அறிக்கை, சம்பளத் துண்டு, பிறப்புப் பத்திரம், பள்ளி வருகைப் பதிவேடு, திருவிழா நோட்டீஸ், கோயில் வரி நோட்டு. சேமநிதி அறிக்கை ஒன்று போதும், எந்த ஆண்டில் எந்த முதலாளி என்று தெரிந்துவிடும். பெண்களிடம் தனியாகப் பேசுங்கள். ஆயாக் கொட்டகை எப்போது மூடப்பட்டது, தண்ணீர் எப்போது நிறுத்தப்பட்டது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

பேசுவதற்கு முன் அனுமதி கேளுங்கள். பெயரை மாற்றி எழுதுங்கள். அசலை வாங்கி வராதீர்கள், அங்கேயே படம் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். கட்டுரை முடிந்ததும் இரண்டு பக்கத்தில் தமிழில் சுருக்கி எழுதி அவர்களிடம் கொடுங்கள். ஆங்கிலத்திலோ மலாயிலோ எழுதிய கட்டுரை பல்கலைக்கழக நூலகத்துக்குப் போகும். அந்த இரண்டு பக்கம்தான் நாளைக்கு ஒரு வழக்கறிஞரின் மேசைக்கு வரும்.

தம்பி தங்கைகளே, உங்கள் தலைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை சொல்லி முடிக்கிறேன். கோயில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டியிடம் உங்கள் ஆய்வுக் கேள்வியை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். 'சமூகப் பொருளாதாரப் பின்னடைவு' என்று சொன்னால் பாட்டி, 'சாப்பிட்டியாப்பா?' என்று கேட்பார். 'இந்த லயத்துக்கு எப்போது தண்ணீரை நிறுத்தினார்கள், பாட்டி?' என்று கேட்டுப் பாருங்கள். எந்தத் திருவிழாவுக்கு முன்னால், எந்தக் கிராணி இருந்தபோது, யார் வீட்டில் கைக்குழந்தை இருந்தபோது என்று அவர் சொல்லத் தொடங்குவார். உங்கள் முதல் அத்தியாயம் அங்கே இருக்கிறது.

அந்தப் பாட்டிக்கு எண்பது வயதாகிவிட்டது. வரி நோட்டு வைத்திருந்த பெரியவர் இப்போது நம்மோடு இல்லை. லயங்களும் ஒவ்வொன்றாக இடிபடுகின்றன. அடுத்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது ஒரு தோட்டத்தைத் தேர்ந்தெடுங்கள், ஒரு கேள்வியை எழுதிக்கொண்டு போங்கள். மற்றத் தோட்டங்களை மற்றவர்கள் எழுதட்டும்.